ராட்டினத்தில் ஏறாத ரத்தம்

"வலிக்கவே இல்லையா உனக்கு?"

"எது?"

"கையில குத்திக்கிட்டு நிக்குதே, அது."

ஒடிலோன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பேருந்தில் யாரோ விட்டுப்போன கையுறையைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் ஆர்வத்தோடும், தன்னுடையதில்லை என்ற நிம்மதியோடும். கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடிட்ட இடத்தில் ஒரு முள் நின்றது. கறுத்த முள். நகத்தளவு வெளியே நீண்டிருந்தது.

"ஓ, இதுவா. போன வாரம் கொல்லைல ஆரஞ்சு பறிச்சேன்ல, அப்ப ஏறுனது. எடுக்கணும்னுதான் இருந்தேன். அப்புறம் எடுக்கத் தோணல."

"போன வாரமா? இந்நேரம் சீழ் வெச்சு வீங்கியிருக்கணும்டா."

"வீங்கலையே. நல்ல பிள்ளையா இருக்கான். ராத்திரி அழறதுகூட இல்ல."

மாய்ரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையைத் தன் மடிக்கு இழுத்துப் பார்த்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். முள்ளைச் சுற்றி ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. சூடு இல்லை. மரத்தில் அடித்த ஆணியைச் சுற்றிப் பட்டை வளர்வதுபோல, தோல் முள்ளின் அடியைச் சுற்றி அழகாக, இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தது.

ஆய்வகத்தின் பின்பக்கத்துக் குட்டிச்சுவர் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நற்கருணைப் பெருவிழா விடுமுறை என்பதால் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. ஜூன் மாத வெயில் முதுகில் மட்டும் சுட்டது. பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் போர்ட்டோ அலெக்ரேயில் ஜூன் மாதக் குளிர்காலத்து மதியத்தில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. வெயில் இருக்கிற சுவராகப் பார்த்துச் சாய்ந்து, கமலா ஆரஞ்சை உரித்து, கொட்டையைத் துப்பிக்கொண்டிருப்பார்கள். ஒடிலோன் கொட்டையைத் துப்பவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். விழுங்கிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் கிடந்த துண்டையும் அப்போதுதான் கவனித்தாள்.

"டேய். என்னடா இது கழுத்துல?"

"குளிருது."

"நீலத் துண்டு! நீயா நீலம் போட்டிருக்க? உங்க அப்பா சவப்பெட்டிக்குள்ளயே சிவப்புக் கொடியோட போனவருடா."

"பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்தான். வேணாம்னு சொல்லத் தோணல."

அந்த ஊரில் சிவப்புக் கால்பந்து அணிக்காரன் ஒருவன் நீல அணியின் துண்டைப் போடுவது என்றால் அவனுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும். ஒடிலோனோ நன்றாக இருந்தான். முகம் தெளிந்திருந்தது. நிம்மதியாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்.

மாய்ராவுக்கு விரல் முட்டுகள் குடைந்தன. அவள் உடம்பு சண்டைக்காரி. பத்தொன்பது வயதில் ஆரம்பித்த லூபஸ் அது. வெள்ளணுக்கள் வெளி எதிரியை விட்டுவிட்டு அவளுடைய மூட்டுகளையே எதிரியாகப் பார்த்தன. காரணமே இல்லாமல் கை வீங்கும். கொஞ்சம் வெயில் பட்டால் கன்னம் சிவந்து எரியும். வேறொருவன் முள்ளோடு ஒரு வாரம் சும்மா இருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் ஆய்வகத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது.

ராட்டினம் என்பது அங்கே வேலை செய்யும் அவர்கள் இருவரும் அந்தக் கருவிக்கு வைத்த பெயர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டங்கள். வெளிச்சட்டம் ஒரு பக்கம் சுழல, உள்சட்டம் வேறு பக்கம் சுழலும். நடுவில் தட்டில் இருக்கும் வெள்ளணுவுக்கு எது மேல், எது கீழ் என்று முடிவுகட்ட ஒரு கணமும் கிடைக்காது. பூமி தன்னை இழுக்கிறது என்பதையே அது மறந்துபோகும். விண்வெளிக்குப் போனவர்களின் ரத்தத்தில் நேர்வதைத் தரையிலேயே நடத்திப் பார்க்கும் வித்தை அது. அப்படி மறந்துபோன வெள்ளணுவின் முன்னால் எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது எழுந்திருக்காது. மற்றவர்களுக்கு அது ஆபத்தாகத் தெரிந்தது. ஆய்வகத்தின் தலைவி டோனா லோய்வாவுக்கு மருந்தாகத் தெரிந்தது. சண்டைக்கார ரத்தத்தை எடுத்து, ராட்டினத்தில் ஏற்றி அமைதிப்படுத்தி, திரும்ப உடம்பில் விட்டால்? மாய்ரா போன்றவர்கள் மாத்திரை இல்லாமல், வலி இல்லாமல் வாழலாம். முதல் நோயாளி மாய்ராதான். திங்கட்கிழமை அவள் முறை.

ஆனால் லோய்வாவுக்கு ஒரு பிடிவாதம். சிமாரோன் என்ற கசப்புத் தேநீரைப் போடுகிறவர்தான் முதல் குடுவையைக் குடிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சுரைக்குடுவையில் மாத்தே இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் முதலில் வருவதுதான் கடுங்கசப்பு. அதை விருந்தாளிக்குக் கொடுத்தால் அவமரியாதை. "நான் போட்டத நான் குடிக்காம அந்தப் பொண்ணுக்குக் கொடுப்பனா?" என்று சொல்லிவிட்டு, ராட்டினத்தில் சுழன்ற தன் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டாள். அடுத்தது ஒடிலோன். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சலில்லை, நடுக்கமில்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அசையாத் தட்டு பொய் சொல்ல ஆரம்பித்தது.

ஒவ்வொரு சோதனையிலும் லோய்வாவின் ரத்தமோ ஒடிலோனின் ரத்தமோ ஒரு தட்டில் ராட்டினம் ஏறும். அதே ரத்தத்தின் இன்னொரு தட்டு அடிப்பலகையில் அசையாமல் இருக்கும். ஏறிய தட்டு தூங்க வேண்டும், அசையாத தட்டு விழிக்க வேண்டும். இப்போது இரண்டும் தூங்கின. வெள்ளணுவை உசுப்பத் தட்டில் சொட்டும் புரதம் பழசாகிவிட்டது என்றாள் லோய்வா. புதிதாக வந்தது. அப்போதும் தூங்கின.

மாய்ரா குட்டிச்சுவரிலிருந்து இறங்கினாள். "உன் ரத்தம் கொஞ்சம் வேணும். ராட்டினத்துக்கு இல்ல. எனக்கு."

"எடுத்துக்கோ" என்றான் ஒடிலோன். ஏன் என்று கேட்கவில்லை.

ஊசியைப் பார்த்தாலே முகம் வெளுத்து, நாற்காலியோடு சரிகிற ஆள் அவன். அவனுக்கு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் லோய்வா பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வாள்; அவன் இருக்கிற புனிதர்களையெல்லாம் கெட்ட வார்த்தையில் கூப்பிடுவான். இன்று ஆய்வகத்துக்குள் மாய்ரா ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றியபோது அவன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்காமல். இன்னும் உள்ளே போனாலும் பரவாயில்லை என்பதுபோல.

பிறகு அவள் தன் கையிலும் பட்டையைக் கட்டி, பல்லால் இழுத்து இறுக்கி, தன் ரத்தத்தையும் எடுத்தாள். ஒத்துப்பார்க்க ஒன்று வேண்டும். ராட்டினத்தில் ஒருமுறைகூட ஏறாத ரத்தம் அந்தக் கட்டடத்தில் அவளுடையது மட்டும்தான். வெள்ளணுக்களைப் பிரித்து, ஆளுக்கொரு தட்டில் விட்டு, ஒருவகை அவரைக்கொட்டையிலிருந்து எடுத்த அந்தப் புரதத்தைச் சொட்டினாள். உயிருள்ள எந்த வெள்ளணுவையும் அது தட்டியெழுப்பிவிடும். இருவரின் மிச்ச ரத்தமும் இருந்த கண்ணாடிக் குழாய்களைத் தாங்கியில் செருகி வைத்தாள். இனி சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குமேல் மினுவானோ காற்று கிளம்பியது. தெற்கேயிருந்து வரும் அந்தக் காற்றுக்கு ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் ஒரு குரல் உண்டு; காலையில் தேவாலயத் தெருக்களில் வண்ண மரத்தூளால் போட்டிருந்த கோலங்களையெல்லாம் அது வாரிக்கொண்டு வந்து, நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடியில் வீசிக்கொண்டிருந்தது. முன்னறையில் மாத்தேயின் பச்சை வாசமும், பக்கத்து அறையிலிருந்து இன்குபேட்டரின் வெதுவெதுப்பான ஈர வாசமும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் ராட்டினத்தின் ஓசை. ஒரு நீண்ட உரசல், அதன் முடிவில் ஒரு சின்ன இடறல். எண்ணெய் போடுகிறேன், போடுகிறேன் என்று ஒடிலோன் ஒரு வருடமாகச் சொல்லிவந்த இடறல்.

லோய்வா வந்திருந்தாள். அறுபது வயதுக்காரி, குரலை உயர்த்தினால் கண்ணாடிக்குடுவைகள் நடுங்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். இன்று மெல்லிய குரலில் பேசினாள்.

"உக்காரு, பொண்ணே. குடி."

குடுவை சுற்றி வந்தது. லோய்வா, ஒடிலோன், மாய்ரா. மறுபடி லோய்வா. போதும் என்கிறவர் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொல்லாதவரை குடுவை வந்துகொண்டே இருக்கும். வழக்கமாக லோய்வா சீக்கிரமே நன்றி சொல்லிவிட்டு வேலைக்கு எழுந்துவிடுவாள். இன்று அவள் சொல்லவில்லை. ஒடிலோனும் சொல்லவில்லை. இலைத்தூளின் சாரம் முழுவதும் இறங்கி, தண்ணீர் ஆறி, வெறும் ஈரக் குச்சிகளின் ருசி வந்த பிறகும் இருவரும் வாங்கி வாங்கி உறிஞ்சினார்கள். வயிறு உப்பியிருந்தது. ஒடிலோனின் மேல்சட்டைப் பொத்தான் ஒன்று இழுபட்டு நின்றது.

"போதும் டோனா லோய்வா. வெறும் பச்சத்தண்ணி இது" என்றாள் மாய்ரா.

"அப்படியா?" லோய்வா குடித்தாள். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

அவள் இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சிறு பூச்சி உட்கார்ந்திருந்தது. பழ ஈ. அது நடந்தது. கருவிழியின் விளிம்பு வரை வந்து, கால்களைத் துடைத்துக்கொண்டு, கருவிழிக்குக் குறுக்காக நடந்து மறுபக்கம் போனது.

லோய்வா இமைக்கவில்லை.

"மூட்டு வலிக்குதா, பொண்ணே?"

"வழக்கம்போலத்தான்."

"இனிமே வலிக்காது. எனக்கு முழங்கால் வலின்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? போயிடுச்சு. கோபம்கூட வரதில்ல. எதுவுமே... இடிக்கிறதில்ல. எல்லாம் சும்மா உள்ள வருது. வரட்டுமேன்னு இருக்கு."

அந்த வார்த்தைகள் மாய்ராவுக்கு இனித்தன. அதுதான் பயமாக இருந்தது. பதினைந்து வருடங்களாக ஒவ்வொரு விடியலிலும் விரல்களை ஒவ்வொன்றாக வளைத்து, எது ஒத்துழைக்கும் எது ஒத்துழைக்காது என்று பார்த்துத்தான் அவள் எழுந்திருக்கிறாள். திங்கட்கிழமைக்குச் சரி என்று ஒரு சொல் போதும், அது நின்றுவிடும்.

அவள் ஒடிலோனின் கையைப் பார்த்தாள். அது மடியில் மல்லாந்து கிடந்தது, ஜன்னலைப் பார்த்தபடி. வெளிச்சம் மங்கிவந்ததால் எழுந்து மேஜை விளக்கைப் போட்டாள். உட்கார்ந்தபோது கை விளக்கின் பக்கம் திரும்பியிருந்தது. ஒடிலோன் அதைத் திருப்பவில்லை. அவன் லோய்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டு ரெடியாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மாய்ரா உள்ளே போனாள்.

ஒளி எண்ணும் கருவி இருட்டு அறையில் இருந்தது. விழித்துக்கொண்ட செல் ஒளிர்ந்து, திரையின் வலப்பக்கம் ஒரு புள்ளியாக விழும். தூங்குகிற செல் இடப்பக்கம். முதலில் ஒடிலோனின் தட்டு. புள்ளிகள் விழுந்தன. இடப்பக்கம். இடப்பக்கம். மணல் கொட்டுவதுபோல இடது மூலையில் குவிந்துகொண்டே போயின. வலப்பக்கம் கறுப்பாக, காலியாக. மதியம் அவன் நரம்பிலிருந்து நேராக எடுத்த ரத்தம் அது. அது ராட்டினத்தைப் பார்த்ததேயில்லை.

சுழன்ற கொஞ்சம் செல்கள்தான் அவன் உடம்புக்குள் திரும்பிப் போயிருந்தன. அவை மற்றவற்றுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன.

அடுத்தது தன்னுடையது. மாய்ரா விசையை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையின் வலப்பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. தேன்கூட்டைக் கலைத்ததுபோல் புள்ளிகள் சீறிச் சீறி வலப்பக்கமே பாய்ந்தன. இத்தனை வருடங்களாக அவள் சபித்த ரத்தம். அவளைப் படுக்கையில் தள்ளிய ரத்தம். இருட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, தன் மகள் பள்ளிக்கூடத்தில் எவனையோ அடித்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கும் தாயைப்போல அவள் சிரித்தாள்.

"அடிச்சுக்கோ" என்றாள் திரையிடம். "என்னையே அடிச்சாலும் பரவாயில்ல. அடிக்கத் தெரியுதுல்ல உனக்கு."

திங்கட்கிழமை இல்லை. என்றைக்குமே இல்லை. அவள் மிச்சக் குழாயை எடுக்கத் தாங்கியின் பக்கம் போனாள். தாங்கியில் ஒடிலோனின் குழாய் இருந்தது. அவளுடையது இல்லை.

அவள் ஓடினாள். முழங்கால் கத்தியது. ஓடினாள்.

ராட்டின அறையின் கதவுக்குப் பின்னால் மங்கிய மஞ்சள் வெளிச்சம். இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு சுழன்றன. உரசல், இடறல். உரசல், இடறல். உள்சட்டத்தில் மூன்று தட்டுகள். மூன்றாவதன் மேல் ஒடிலோனின் சாய்ந்த கையெழுத்தில் அவள் பெயர்.

நிறுத்தும் பொத்தானைத் தேடக்கூடப் பொறுமையில்லை. சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். சட்டங்கள் தள்ளாடி, தயங்கி, நின்றன. தன் தட்டை உருவி எடுத்தாள். கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். பிளீச் புட்டியைத் திறந்து, மூக்கு எரிய எரிய, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். மற்ற இரண்டு தட்டுகளையும் கவிழ்த்து ஊற்றினாள். ரத்தம் பழுப்பாகி, நுரைத்து, இறங்கிப் போனது.

"முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொன்னாள். "கேட்டுதா? முடிஞ்சுது!"

காற்றுகூட ஒரு கணம் அடங்கியது.

அப்போதுதான் கேட்டது. உரசல். இடறல்.

அவள் ராட்டினத்தைப் பார்த்தாள். அசையவில்லை. கம்பி அவள் கையில் இருந்தது. உரசல். இடறல். அந்த அறையில் இல்லை.

முன்னறையில்.

கதவைத் திறந்தாள். விளக்கின் கீழே இருவரும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், முழங்காலோடு முழங்கால் இடித்தபடி. அவர்களைத் தாண்டி வெளிக்கதவு. இருவரின் வாயும் மூடியிருந்தது. தொண்டைகள் மட்டும் அசைந்தன. ஒரு நீண்ட உரசல், ஒரு சின்ன இடறல். இருவருக்கும் ஒரே நேரத்தில்.

அவளைப் பார்த்ததும் ஓசை நின்றது. லோய்வா சிரித்தாள். பழைய சிரிப்பு. அன்பான சிரிப்பு. அவள் இரண்டு கண்களிலும் இப்போது பூச்சிகள்.

"கொட்டிட்டியா? பரவாயில்ல, பொண்ணே. கோபமில்ல."

"ஒடிலோன், எழுந்திரு" என்றாள் மாய்ரா. "என்கூட வா. எழுந்திருடா!"

"வரேன்" என்றான் ஒடிலோன். எழுந்திருக்கவில்லை. உட்கார் என்றாலும் சரி என்பான். சாவு என்றாலும் சரி என்பான். அவனுக்குள் எதையும் தள்ளுகிற கை ஒன்றுமே மிச்சமில்லை.

லோய்வா குடுவையை நிரப்பி நீட்டினாள். மாய்ரா அதை வாங்கினாள். குடிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, இருவரின் முகத்தையும் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்.

"நன்றி."

குடுவையை லோய்வாவின் மடியில் வைத்தாள். அந்த ஊரில் அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிகாரன்கூட வற்புறுத்த மாட்டான்.

லோய்வா குடுவையைப் பார்த்தாள். அந்தச் சொல் எங்கேயோ கேட்ட சொல் என்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு தண்ணீர் ஊற்றினாள். நீட்டினாள்.

"நன்றி" என்றாள் மாய்ரா மறுபடி. "நன்றி. போதும். எனக்கு வேணாம். என்னோடது எதையும் தர மாட்டேன்."

லோய்வா ஊற்றினாள். நீட்டினாள்.

மாய்ராவின் விரல்கள் முட்டுக்கு முட்டு எரிந்தன. மடக்கினாள். வலித்தது. இன்னும் இறுக்கி மடக்கினாள். வலி இருந்தது. அவளுடைய வலி. அது இருக்கும்வரை அவள் இருக்கிறாள். இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தடுக்க மாட்டார்கள். தடுக்கத் தெரியாது. ஒரு அடி வைத்தாள்.

ஒடிலோன் கையை நீட்டினான். மல்லாந்த கை. முள் இப்போது கறுப்பாக இல்லை. ஈரமாக, பச்சையாக இருந்தது. அதன் நுனியில் இரண்டு குட்டி இலைகள், விளக்கை விட்டு அவள் பக்கம் மெல்லத் திரும்பின. மணிக்கட்டின் தோலுக்கு அடியில் வெள்ளை வேர்கள், முழங்கையை நோக்கி. அந்த உள்ளங்கையில் ரப்பர் பட்டை இருந்தது. சுத்தமான, புதிய ஊசி இருந்தது.

"உன் ரத்தம், ஒரே ஒரு குழாய்" என்றான். குரலின் முடிவில் அந்தச் சின்ன இடறல். "நீயே எடுத்துக் கொடு, மாய்ரா. ஒண்ணே ஒண்ணு. கொடேன்."